கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீராது

2014 ஜூன் 8. மணாலி போகிற வழியில் பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிடப்பட்ட தண்ணீர் அடித்துச் சென்றது. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2016இல் தீர்ப்பளித்த இமாச்சல் உயர் நீதிமன்றம், அதில் 30 சதவீதத்தைக் கல்லூரியின் தலையில் வைத்தது. அணையைத் திறந்தது கல்லூரி அல்ல. பிள்ளைகளை அழைத்துப்போனது கல்லூரிதான்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ கடல் தாண்டுவதும் சகஜமாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில், “உங்கள நம்பித்தானுங்க சார் அனுப்பறோம்” என்கிறார்கள். அதே கூட்டத்தில் ‘எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல’ என்ற படிவமும் கையெழுத்துக்கு வருகிறது. கவனக்குறைவு நிரூபணமானால் அந்தத் தாள் யாரையும் காப்பாற்றாது. உடன் போகும் ஆசிரியர் அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

அவர் முதலில் பார்க்க வேண்டியது காப்பீட்டுப் பத்திரம். நீர் விளையாட்டு அதில் அடங்குமா? ஆஸ்துமா, வலிப்பு போன்ற பழைய நோய்களைத் தெரிவித்தாயிற்றா? மறைத்தால் மருத்துவமனைச் செலவு கைக்கு வராமல் போகலாம். மாணவர்கள் கூச்சப்படுவார்கள்; தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது பெட்டி. நம் வீட்டுக் குருமாவில் சேரும் கசகசா, சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாவில் இருந்தாலும் பெட்டிக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ரமடால் மாத்திரை ஆகியவற்றுக்கு அமீரகத்தில் முன் அனுமதி தேவை. “அங்க இருக்கற நம்ம மாமாகிட்டக் குடுத்துரு கண்ணு” என்று யார் பொட்டலம் நீட்டினாலும் வாங்கக் கூடாது. இந்த ஒன்றில் தாட்சண்யமே வேண்டாம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸில் புகார் செய்து, இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் பெறலாம். அது இந்தியா திரும்ப மட்டுமே உதவும். அடுத்த நாட்டுக்குப் போக முடியாது. எல்லோருடைய நகல்களும் ஆசிரியரிடம் இருக்கட்டும்.

பல்கலைக்கழகம் பார்க்கக் கூட்டிப்போவதாக டிராவல்ஸ்காரர் பணம் வாங்கிவிட்டு ஷாப்பிங் மாலில் இறக்கிவிட்டால், அது சேவைக் குறைபாடு. டிராவல்ஸ் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கோவையில் வசிப்பவர் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பயணத் திட்டம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் ஊர் திரும்பியதும் அழித்துவிடாதீர்கள். ரசீதில் டிசிஎஸ் (பணம் வாங்குபவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் அது யாருடைய பான் எண்ணில் ஏறியிருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள். வருமான வரிக் கணக்கில் அவர் மட்டுமே அதைத் திரும்பக் கேட்க முடியும்.