பந்தயக் குதிரையைச் சேர்த்தால் மட்டக்குதிரையின் குட்டி பெரிதாகுமா?

ஊட்டிக்குப் பக்கத்தில் நான்கு மட்டக்குதிரைகளை வைத்து, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'என் பெட்டைக் குதிரை 48 இன்ச் உயரம். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஆண் குதிரை ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்தால் பெரிய குட்டி கிடைக்கும் என்கிறார்கள். பிரசவத்தில் தாய்க்கு ஆபத்து வருமா? குட்டி எவ்வளவு உயரம் வளரும்? சீக்கிரம் வளர ஊசி ஏதும் போடலாமா?'

வழக்கமாகக் கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடித்துவிடுவோம். ஆனால் படகு இல்லத்துக்கு வெளியேயும் பைக்காரா பக்கமும் குதிரை வைத்திருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு இதே யோசனை இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் அளவு. குதிரையின் உயரத்தைத் தலை வரைக்கும் அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இருக்கும் தோள்மேடு வரைதான் அளப்பார்கள். 58 இன்ச், அதாவது ஏறக்குறைய 147 சென்டிமீட்டருக்கு உட்பட்டவை மட்டக்குதிரை. பந்தயக் குதிரைகள் சாதாரணமாக 62 இன்ச்சுக்கு மேல் இருக்கும். நம் நாட்டில் லடாக்கின் ஜன்ஸ்காரி, இமாசலத்தின் ஸ்பிதி, வடகிழக்கின் மணிப்பூரி எல்லாம் மட்டக்குதிரை இனங்கள்தான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனவர்கள், உயரமான மார்வாரியும் கத்தியவாரியும் நிற்கிற வரிசைக்குப் பக்கத்திலேயே இடுப்பளவு நாட்டுக் குதிரைகளும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே சாதி விலங்கு. அப்படியிருக்க இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மனிதர்களின் உயரத்தை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றும் கடுகளவுதான் கூட்டும், குறைக்கும். குதிரையில் கணக்கு ஆச்சரியமாகச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 16 இனக் குதிரைகளைப் பார்த்தபோது, உடல் அளவில் இருந்த வேறுபாட்டில் 83 சதவிகிதத்தை மரபணுத் தொகுதியின் நான்கே இடங்கள் விளக்கிவிட்டன. அந்த நான்கில் ஒன்று எச்.எம்.ஜி.ஏ-2 என்ற மரபணு. கரு வளரும் காலத்தில் செல்கள் எவ்வளவு பெருக வேண்டும் என்பதில் இதற்குப் பங்கு உண்டு. எலியில் இது வேலை செய்யாமல் போனால் உடம்பு குள்ளமாகிவிடும். ஷெட்லாண்ட், வெல்ஷ் போன்ற மட்டக்குதிரைகளில் இதன் மாறுபட்ட வடிவம் ஒன்று இருக்கிறது. குட்டிக்கு ஒவ்வொரு மரபணுவிலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று கிடைக்கும். பந்தயக் குதிரையின் பங்கு பாதிதான்.

(மட்டக்குதிரை வேறு, குள்ள நோய் உள்ள குதிரை வேறு. கால் வளைந்து, தலை புடைத்து, உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பிறப்பது எலும்புக் குருத்தில் வரும் மரபுக் குறை. அந்தக் குட்டியை 'அழகாக இருக்கிறதே' என்று இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.)

சரி, பிரசவ பயத்துக்கு வருவோம். சின்ன நாட்டு மாட்டுக்கு எச்.எஃப் சினை ஊசி போட்டு, கன்று சிக்கி, இழுத்துப் போட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த நினைப்பில்தான் வாசகர் கேட்கிறார். இதற்கு 1938-லேயே பதில் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், வண்டி இழுக்கும் ராட்சத ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் குதிரையையும் செயற்கைக் கருவூட்டலில் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்தார்கள். ஷயர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. இத்தனைக்கும் இரண்டு குட்டிகளிலும் பாதி ஷயர், பாதி ஷெட்லாண்ட்! சின்னத் தாய், தன் கருப்பைக்கு ஏற்ற அளவில்தான் குட்டியை வளரவிட்டாள்.

காரணம் நஞ்சுக்கொடி. மாட்டில் அது பொத்தான் பொத்தானாகக் கருப்பையைப் பிடித்திருக்கும். குதிரையில் கருப்பையின் உள்பரப்பு முழுக்க விரித்துப் போட்ட துணி மாதிரி ஒட்டியிருக்கும். கருப்பை சிறிதென்றால் ஒட்டும் பரப்பும் குறைவு, குட்டிக்குப் போய்ச் சேரும் சத்தும் குறைவு. வயிற்றில் விழுந்த அந்தத் துண்டு பிறந்த பிறகும் முழுதாக ஈடாகவில்லை. குட்டிகள் வளர்ந்து பெரிதான பிறகும் தாய் வழி வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே வாசகரின் குதிரைக்குப் பிறக்கும் குட்டி, 48-க்கும் அப்பாவின் உயரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதிலும் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே என்று எதிர்பார்ப்பதே நியாயம். பந்தயக் குதிரை கிடைக்காது. பிரசவத்தில் சிக்கல் மாட்டைவிடக் குறைவுதான். ஆனால் சேர்க்கையின்போதே பெரிய ஆண் குதிரையின் பாரத்தில் சின்னப் பெட்டைக்குக் காயம் ஏற்படலாம். அதை யாரும் சொல்வதில்லை. சினையாகிவிட்டால் சுமார் 11 மாதம். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வரவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யத் தாமதிக்காதீர்கள். மாடு போலப் பொறுத்துப் பார்க்கலாம் என்பது குதிரையிடம் நடக்காது.

அடுத்தது ஊசி. மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது. அது கல்லீரலைத் தூண்டி, ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அதுதான் எலும்பு முனைகளில் இருக்கும் குருத்துத் தட்டை வளர்க்கிறது. குருத்துத் தட்டு எலும்பாக மூடிவிட்டால் கதை முடிந்தது, எந்த ஊசியும் உயரத்தைக் கூட்டாது. குதிரைக்கு அந்தக் கதவு சீக்கிரமே மூடத் தொடங்குகிறது. பிறக்கும்போதே குட்டி தன் முழு உயரத்தில் 60 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். ஒரு வயதில் சுமார் 90 சதவிகிதம் வந்துவிடும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சதை ஏறின மாதிரி தெரியும். குருத்து முன்கூட்டியே மூடிக்கொள்ளும், சினைப் பிடிப்பும் கெடும். போடவே போடாதீர்கள்.

உயரம் குறைவதோடு இன்னொரு விஷயமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் மலைக் குதிரைக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வெல்ஷ் மட்டக்குதிரைகளில் 2019-ல் வெளியான ஆய்வு, உடம்பைச் சிறிதாக்கும் அதே எச்.எம்.ஜி.ஏ-2 வடிவம் இருக்கும் குதிரைகளுக்கு ரத்தத்தில் இன்சுலினும் அதிகம் என்று காட்டியது. வறண்ட புல்லைத் தின்றே உடம்பைத் தேற்றிக்கொள்ளும் பிறவி அது. அதற்குக் கழிவு கேரட், பேக்கரி ரொட்டி, வெல்லம் என்று போட்டால் இன்சுலின் எகிறும். இன்சுலின் எகிறினால் குளம்புக்குள் எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் சதை வீங்கிக் கழன்றுவிடும். குளம்பு அழற்சி என்பது இதுதான். குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும், திரும்பத் தயங்கும், குளம்பு சுடும். 'லாடம் சரியில்லை' என்று லாடக்காரரைக் கூப்பிட்டு நாளைக் கடத்துவார்கள். கழுத்தின் மேல்விளிம்பில் கொழுப்புக் கட்டியாகத் திரண்டிருந்தால் அது செழுமை இல்லை, எச்சரிக்கை.

கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் இடத்துக்கு விடியற்காலையில் போனால், ஒதுக்கிய கேரட்டை மூட்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். செலவில்லாத தீவனம்தான், குறை சொல்ல மனம் வராது. தினம் இரண்டு மூன்று கேரட் கொடுங்கள். கூடை கூடையாக வேண்டாம். 200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ உலர்ந்த புல்தான் அடிப்படை. வேலை செய்யும் குதிரைக்கு ஊறவைத்த கொள்ளு கொஞ்சம்.

புல்லிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நீலகிரியில் எங்கும் பரவிக் கிடக்கிற கிக்குயு புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவைத்துவிடும். அதோடு தவிடும் நிறையப் போட்டால், தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கும். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். முகத்தின் இரண்டு பக்கமும் எலும்பு வீங்கி, காரணம் தெரியாத நொண்டல் வரும். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இது அதிகம் தாக்கும். குட்டி வளரவில்லையே என்று ஊசி தேடுபவர்கள் முதலில் தவிட்டைக் குறைத்து, குதிரைமசால் கொஞ்சம் சேர்த்து, டாக்டரிடம் கேட்டுத் தாது உப்பு கொடுங்கள். பெரும்பாலும் அதுதான் அந்தக் குட்டிக்குத் தேவையாக இருக்கும்.

வாசகருக்கு என் சொந்த யோசனை: சேர்க்க வேண்டாம். பந்தயக் குதிரையின் ரத்தம் ஏறினால் தோல் மெல்லிசாகும், மார்கழிப் பனியில் உறைபனி விழும் இரவுக்குக் கொட்டகையும் போர்வையும் கேட்கும், தீனியும் கூடும், சுபாவமும் துள்ளும். முதன்முதலாகக் குதிரை ஏறும் குழந்தைக்கு 48 இன்ச் சாதுக் குதிரைதான் சரி. பெரியவர்களையும் ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தானே உயரம் கேட்கிறீர்கள்? அதற்கு முதலில் உங்கள் குதிரையின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் 206 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது, சேணத்தையும் சேர்த்து. அப்படிப் பார்த்தால் இந்தக் குதிரை தாங்குவது 41 கிலோ.