இதய அகவுறைத் தொற்று

இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் உட்புறமாகப் போர்த்திருப்பது அகவுறை என்னும் மெல்லிய சவ்வாகும். குருதியிற் புகுந்த கிருமிகள் இச்சவ்வில், சிறப்பாக வால்வுகளில், குடிகொண்டு பெருகுவதால் விளைவதே அகவுறைத் தொற்று.

பழுதற்ற அகவுறையிற் கிருமி எளிதிற் பற்றுவதில்லை. கொடிய சில வகைகளே அதனையும் தாக்கும். மூட்டுவாதக் காய்ச்சலாற் சிதைந்த வால்வும், பிறவிக் குறைபாடுடைய வால்வும், செயற்கை வால்வுமே கிருமிக்கு ஏற்ற நிலங்கள். அங்கே குருதி உறைந்து சிறு திரளை படியும். பல்லிடுக்கிலிருந்தோ தோற்புண்ணிலிருந்தோ குருதியிற் கலந்த கிருமி அத்திரளையுட் புகுந்துவிடின், உடலின் காவலணுக்கள் அதனை அணுகுதல் அரிது. எனவே நோய் தானே தணிவதில்லை.

இந்நோயின் அறிகுறிகள் பிற நோய்களையும் ஒத்திருத்தலே இடர்ப்பாடு. காரணம் புலப்படாது நீடிக்கும் காய்ச்சல், இராவியர்வை, பசியின்மை, மெலிவு என்பன முதலிற் தோன்றும். வைத்தியர் இதயத்திற் புதியதோர் இரைச்சலைக் கேட்கலாம். நகங்களின் கீழ்ச் செங்கீறல்களையும், விரல் நுனிகளில் நோவுள்ள சிறு கணுக்களையும் காணலாம். திரளையின் துண்டொன்று பிரிந்து மூளையை அடையின் பக்கவாதம் நேரும்.

வில்லியம் ஒசிலர் 1885இல் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகள் இந்நோயைத் தெளிவாக வகுத்துக் காட்டின. எனினும், அறிதல் வேறு, தீர்த்தல் வேறு. முன்னரே வால்வு பழுதுற்றிருந்த இசைமேதை குஸ்தாவ் மாலரின் குருதியை 1911இல் நியூயோர்க்கில் வளர்த்துச் சோதித்தபோது கிருமி வெளிப்பட்டது. ஆயினும் மருந்தில்லாமையால் அவர் அவ்வாண்டு மே மாதத்தில் வியன்னாவில் இறந்தார். 1940களிற் பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே நோயாளர் பலர் பிழைக்கலாயினர்.

இன்று குருதி வளர்ப்புச் சோதனையும், கழியொலியால் இதயத்தைப் படம்பிடித்தலும் நோயை உறுதிசெய்கின்றன. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் நாளத்தின் வழியே மருந்து செலுத்தல் வேண்டும். சிலருக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டப்படும்.

இங்கே மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வீட்டில் எஞ்சியிருந்த கிருமிகொல்லி மாத்திரைகளைத் தாமே விழுங்குவோர்க்குக் காய்ச்சல் சிறிது தணியும். நோயோ மறைந்து வளரும். பின்னர்ச் சோதிக்குங் குருதியிற் கிருமி அகப்படாமலும் போகலாம். ஆதலின் வால்வுக் குறைபாடுடையோர் காய்ச்சல் நீடிக்கும்போது, மருந்துண்ணுமுன் வைத்தியரிடம் தம் குறைபாட்டைக் கூறல் வேண்டும். பற்களையும் நாடோறும் பேணல் வேண்டும். சிறுவரின் தொண்டை நோவை அசட்டை செய்யாது உரிய காலத்தில் வைத்தியரிடம் காட்டுதல், மூட்டுவாதக் காய்ச்சலைத் தடுத்து, பின்னாளில் இந்நோய்க்கு இடமாகும் வால்வுச் சிதைவையும் தடுக்கும்.