உத்தி பிரிக்கும் ரசிகர்கள்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய வாட்டர் போலோ கோப்பை 2001இல்தான் தொடங்கியது. 2020ஆம் ஆண்டுப் போட்டியைக் கொரோனா விழுங்கிவிட, 2025 வரை 24 முறை நடந்திருக்கிறது. அந்த 24 கோப்பைகளையும் மூன்றே கல்லூரிகள் பங்குபோட்டுக்கொண்டன: ஸ்டான்போர்டு 10, யு.சி.எல்.ஏ. 8, யு.எஸ்.சி. 6. மூன்றும் கலிபோர்னியாவில் இருப்பவை. நாலாவதாக ஒரு கல்லூரி அதுவரை கோப்பையைத் தொட்டதில்லை.

எவர் ஜெயிப்பார் என்பது பாதி தெரிந்துவிட்ட ஆட்டத்தை ரசிகர் எதற்காகப் பார்க்க வேண்டும்? அதற்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. ஃபேன்டசி டிராஃப்ட் என்பார்கள். ரசிகர்கள் சிலர் சீசன் தொடங்கும் முன் ஒன்றாக உட்கார்ந்து, நாட்டிலுள்ள எல்லாக் கல்லூரி ஆட்டக்காரிகளிலிருந்தும் ஆளுக்கொரு கற்பனை அணி எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எடுத்த பெண்ணை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு நிஜக் குளத்தில் அந்தப் பெண் கோல் போட்டால் இவருக்குப் புள்ளி. பந்தைப் பறித்தால், கோலைத் தடுத்தால் அதற்கும் புள்ளி.

தேர்வு வரிசையில்தான் சூட்சுமம். நான்கு பேர் ஆடினால் முதல் சுற்றில் 1, 2, 3, 4 என்று எடுப்பார்கள். அடுத்த சுற்று 4, 3, 2, 1 என்று திரும்பிவரும். கடைசியில் நின்றவருக்கு அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. முதலில் எடுத்தவரோ அடுத்த முறைக்குள் ஆறு பெயர்கள் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாம்பு போல வளைந்து வருவதால் ஸ்னேக் டிராஃப்ட் என்று பெயர்.

வாட்டர் போலோவைத் தொலைக்காட்சியில்கூடப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல் கீப்பர். எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஆழமான குளத்தில் தரையில் கால் ஊன்றக் கூடாது. கோல் கீப்பர் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைப் பிடிக்கலாம். ஒலிம்பிக்கில் பெண்கள் ஆட்டம் சேர்ந்தது 2000இல், சிட்னியில். இந்தியாவுக்கும் இதில் பழைய பெருமை உண்டு. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி தங்கம் வாங்கியது. பெண்களில் கேரளம் முன்னே நிற்கிறது. 2025 உத்தராகண்ட் தேசிய விளையாட்டில் தங்கம் அவர்களுக்குத்தான்.

டிராஃப்டில் முதல் இரண்டு சுற்றுக்குப் பெரிய மூளை வேண்டாம். மூன்று பெரிய கல்லூரிகளின் நட்சத்திரங்களை யாரும் எடுப்பார்கள். ஐந்தாம், ஆறாம் சுற்றில்தான் ரசிகரின் சரக்கு தெரியும். ஆஷ்லி ஜான்சனைப் பாருங்கள். கலிபோர்னியாவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிரின்ஸ்டன் கல்லூரியின் கோல் கீப்பர். கோப்பைக் கல்லூரிகளை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அவர் தட்டுப்பட்டிருக்க மாட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் அடுத்து டோக்கியோவிலும் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் கோலைக் காத்தவர் அவர்தான். இன்னொரு கணக்கும் உண்டு: பலவீனமான அணியின் கோலை நோக்கித்தான் அதிகப் பந்து வரும், ஆகவே தடுக்கவும் அதிக வாய்ப்பு. தோற்கும் அணியில் தேடுகிறவருக்கே இந்தக் கணக்கு பலிக்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. கபடிக்கும் கிட்டிப்புள்ளுக்கும் பிள்ளைகள் உத்தி பிரிப்பதில்லையா? தாச்சிகள் இருவர் ஒரு பக்கம் நிற்க, ஏறக்குறைய சமபலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று கேட்டதும் தாச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பெயருக்குப் பின்னால் எவர் என்பது தாச்சிக்குத் தெரியாது. அணிகள் சமமாக அமைய இதைவிட எளிய ஏற்பாட்டை அமெரிக்கர்களும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் ‘ஃபேன்டசி’ என்றதும் இங்கே பெற்றோர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு அந்தச் சொல் ட்ரீம்11 செயலி வழியாக, பணத்தோடு சேர்ந்து வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது; ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ட்ரீம்11 பணப்போட்டிகளை நிறுத்தியது, இந்தியக் கிரிக்கெட் சட்டையிலிருந்தும் அதன் பெயர் போயிற்று. தோழிகள் நாலு பேர் நோட்டுப் புத்தகத்தில் காசில்லாமல் ஆடும் டிராஃப்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏலத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 டிசம்பரில் பெங்களூரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், பத்து லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் இருந்த 16 வயது தமிழ்நாட்டு வீராங்கனை கமலினியை மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. அங்கே பேசுவது பணப்பை. டிராஃப்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் வாய்ப்பு, பேசுவது கண்.

கண்ணுக்கு முன்னால் வேண்டியது கணக்கு. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் தொடங்கிய பேஸ்பால் விளையாட்டிலிருந்துதான் இன்றைய ஃபேன்டசி மோகம் பரவியது. ஆளுக்கு 260 டாலர், அதில் 23 ஆட்டக்காரர்கள். (காசு அங்கேயும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.) அப்போது வீட்டுக்கு வீடு கணினி இல்லை, செய்தித்தாளில் வரும் ஆட்ட விவரத்தைப் பார்த்துக் கையால் கூட்டினார்கள். செய்தித்தாள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணக்கையும் அச்சிட்டதால்தான் அந்த விளையாட்டே பிறந்தது. அமெரிக்கக் கல்லூரி வாட்டர் போலோவிலும் எவர் எத்தனை கோல், எத்தனை பறிப்பு என்ற விவரம் ஆட்டம் முடிந்ததும் வெளியாகிவிடுகிறது.

இனி நம் பக்கத்துக்கு, எடுத்துக்காட்டாக விழுப்புரத்துக்கு வருவோம். இங்கே பெண்கள் கல்லூரி விளையாட்டு என்றால் வாட்டர் போலோ அல்ல, கபடி. விழுப்புரத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி; ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளித் திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவிகளுக்கான கபடி மாவட்ட அளவிலிருந்தே நடக்கிறது. கபடிப் பெண்கள்மேல் இப்போது வெளிச்சமும் விழுகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அடுத்த மாதமே டாக்காவில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

ஒரு டிராஃப்ட் நடத்த ஆட்டக்காரிகளும் ரசிகைகளும் இந்த இரண்டு ஊரிலும் தாராளம். குறைவது ஒன்றுதான். கல்லூரி மாணவிகள் கபடி பற்றிய செய்தி, கோப்பையுடன் ஒரு குழுப்படமும் எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியை எத்தனை புள்ளியில் வென்றது என்ற ஒரு வரியுமாக முடிந்துவிடுகிறது. எந்தப் பெண் எத்தனை ரெய்டு போனாள், எவள் கணுக்காலைப் பிடித்து ஆட்டத்தைத் திருப்பினாள் என்பது மேசையிலிருக்கும் ஸ்கோர் ஷீட்டோடு நின்றுபோகிறது. அதை வெளியே கொண்டுவரும் ஆசையை டிராஃப்ட் உண்டாக்கும் என்பதே இதன் பெரிய உபயோகம்.

விதிகளுக்கு மெனக்கெட வேண்டாம். ரெய்டில் தொட்டெடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று, போனஸ் கோட்டைத் தாண்டி எடுத்த புள்ளிக்கு ஒன்று, பிடிக்கு இரண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள். அதற்கு மூன்று கொடுக்கலாம். பிடிக்கு ஏன் கூடுதல் என்றால், இல்லாவிட்டால் எல்லோரும் ரெய்டர்களையே எடுத்துக்கொண்டு கார்னரில் நிற்கும் பெண்ணைக் கடைசிவரை விட்டுவிடுவார்கள். ரெய்டர்களிலும் வாட்டர் போலோ கோல் கீப்பர் கணக்கு கொஞ்சம் செல்லும்: சுமாரான அணியில் நம்பிக்கையான ஆள் ஒருத்திதான் என்றால், களத்தில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப அவளையே அனுப்புவார்கள். ஆனால் அவள் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால், கூட இருப்பவர்கள் எதிரணியில் ஒருவரைப் பிடித்தோ தொட்டோ வெளியேற்றி மீட்கும்வரை உள்ளே வர முடியாது. ஆகவே அவள் அணியில் நல்ல கார்னர் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் அவளை எடுக்க வேண்டும்.

குறிப்பெடுக்க இரண்டு பேர் தேவை. முப்பது நொடிக்கு ஒரு ரெய்டு என்று ஓடும் ஆட்டத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த தொடுதலைக் கோட்டைவிடுவார். ஒருவர் களத்தைப் பார்த்துச் சட்டை எண்ணைச் சொல்ல, மற்றவர் கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே போகலாம்.