மிட்டாய்க்குக் காத்திருந்த பிள்ளைகள்

சில வருஷங்களுக்கு முன்னர் ஓர் ஆசிரியர் செயலமர்வில் வளவாளர் சொன்ன கதை இது. நாலு வயதுப் பிள்ளையின் முன்னால் ஒரு மார்ஷ்மெலோ மிட்டாய் வைக்கப்படும். 15 நிமிடம் தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். அப்படிப் பொறுத்திருந்த பிள்ளைகளே பிற்காலத்தில் பரீட்சையில் கூடிய புள்ளி எடுத்தார்களாம்.

கேட்டுவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடும் மாணவன் ஒருவனின் உம்மாவிடம், பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லி, அவனது எதிர்காலத்தையும் கணித்துவிட்டேன். "அவன் விடிய ஒண்டும் சாப்பிடாமத்தான் வாறான் சேர்" என்றார் அவர்.

பிறகுதான் தேடிப் படித்தேன். வால்டர் மிஷல் அச்சோதனையை நடத்தியது அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்துப் பாலர் பாடசாலையில். பெரும்பாலும் விரிவுரையாளர்களின் பிள்ளைகளும் அங்கு படித்துக்கொண்டிருந்தோரின் பிள்ளைகளும்தான். 1990இல் வெளியான கட்டுரையில் பரீட்சைப் புள்ளி கிடைத்திருந்தது 100 பேருக்கும் குறைவானோருக்கே. மாதிரி சிறியது, அவசரப்பட வேண்டாம் என்று எழுதியவர்களே எச்சரித்திருந்தார்கள். செயலமர்வுக்கு வந்து சேர்ந்த கதையில் அந்த எச்சரிக்கையைக் காணோம்.

2018இல் டைலர் வாட்ஸ் முதலானோர் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை எடுத்தார்கள். பட்டப்படிப்பு முடிக்காத தாய்மாரின் பிள்ளைகளைத் தனியே பார்த்தார்கள். பொறுமைக்கும் புள்ளிக்குமான தொடர்பு முன்னையதில் பாதியாகவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிவாற்றல் என்பவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

2022இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்கு அதிக நேரம் பொறுத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளோ பொதியிட்ட பரிசைத் திறக்கத்தான் அதிக நேரம் பொறுத்தார்கள். எல்லோருக்கும் பரிமாறும்வரை காத்திருப்பது ஜப்பானிய வழக்கம். ஆக, அளக்கப்பட்டது பிள்ளையின் மனவுறுதி மட்டுந்தானா, வீட்டுப் பழக்கமுமா?

ஓரிடத்தில் கண்டது மற்ற இடத்துக்கும் பொருந்துமா என்பதைத்தான் 'பொதுமைப்படுத்தல்' என்கிறோம். உளவியலின் முன்னணிச் சஞ்சிகைகளில் ஆய்வுக்கு உட்பட்டோரில் 96 வீதமானோர் மேற்கத்தேயக் கைத்தொழில் நாட்டவர், அந்நாடுகளிலோ உலக சனத்தொகையில் 12 வீதமே என்பதை ஜோசப் ஹென்ரிக் முதலானோர் 2010இல் சுட்டிக்காட்டினார்கள்.

பரிகாரம்? பலதரப்பட்ட மக்களிடம் மீண்டும் செய்து பார்ப்பது ஒன்று. இன்னொன்றைச் சொன்னவர்களில் யூயிச்சி ஷோடாவும் ஒருவர். அந்த 1990 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரும் இவரே. எந்த மக்களுக்கு, எந்தச் சூழலில் இம்முடிவு பொருந்தும் என ஆய்வாளர் கட்டுரையிலேயே எழுதவேண்டும் என்பது 2017இல் வந்த யோசனை. வேறிடத்தில் செய்து பார்ப்பவருக்கும் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது அதனால் விளங்கும்.