எச்டிஏ-வா, எஸ்டிஏ-வா? பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும் முன்

கொடுங்கையூரில் எங்க வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் கிடந்தது. அக்கா பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் மூலம் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருக்கும். அதை எடுத்துட்டு புது லினக்ஸ் போட உட்கார்ந்தேன். "எந்த டிஸ்க்?" என்று இன்ஸ்டாலர் கேட்டது. எஸ்டிஏ, எஸ்டிபி என இரண்டு பெயர். ஒன்றில் அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் இருக்கு. வேற காப்பி கிடையாது. கை நின்னுடுச்சு.

நீங்களும் இங்கே நிற்பீங்க. அதனால பெயரைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் இரண்டு எழுத்து டிரைவ் வகை. பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் எச்டி. சாட்டா, பென்டிரைவ் என்றால் எஸ்டி. ஆனால் 2007 வாக்கில் லினக்ஸ் பதிப்புகள் ஐடிஇ டிஸ்க்கையும் எஸ்டி என்றே காட்ட ஆரம்பித்தன. பழைய புத்தகத்தில் எச்டிஏ என்று இருந்து, உங்க திரையில் எஸ்டிஏ வந்தால் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது எழுத்து எத்தனையாவது டிஸ்க் என்பது. ஏ முதலாவது, பி இரண்டாவது.

கடைசி எண் பார்ட்டிஷன். பழைய எம்பிஆர் முறையில் நாலு இடம்தான் உண்டு. அதில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கினால், அதற்குள் வரும் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் 5-லிருந்துதான் தொடங்கும். எஸ்டிஏ1, எஸ்டிஏ2, அடுத்து எஸ்டிஏ5 என்று இருந்தால் நடுவில் எதுவும் தொலையவில்லை. இன்னொன்று: எஸ்டிஏ1 என்றாலே சி டிரைவ் என்று நினைக்காதீங்க. விண்டோஸ் 7 பெரும்பாலும் முதலில் 100 எம்பி அளவில் தனக்கென ஒரு சின்ன பார்ட்டிஷனை வைத்துக்கொள்ளும். சி அடுத்ததாக வரும்.

முக்கியமான விஷயம், அந்த ஏ, பி நிரந்தரமில்லை. கெர்னல் கண்டுபிடிக்கிற வரிசையில் வைக்கிற பெயர் அது. பென்டிரைவே எஸ்டிஏ ஆகலாம், ஹார்ட் டிஸ்க் எஸ்டிபி ஆகலாம். அதனால்தான் இன்றைய லினக்ஸ் பதிப்புகள் எஃப்எஸ்டேப் ஃபைலில் இந்தப் பெயருக்குப் பதில் யூயூஐடி எழுதுகின்றன.

அப்போ எதை நம்புவது? அளவை. டெர்மினலில் எல்-எஸ்-பி-எல்-கே என்று டைப் பண்ணுங்க. 320 ஜிபி டிஸ்க் ஏறக்குறைய 298 என்று காட்டும். 16 ஜிபி பென்டிரைவ் 15-க்குள் காட்டும். எனக்கு 298 என்று காட்டியது எஸ்டிபி!

நான் இன்ஸ்டாலரை மூடிட்டு, முதலில் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். நீங்களும் காப்பி எடுத்துட்டு, அளவைச் சரிபார்த்துட்டு, அப்புறம் "ஃபார்மேட்" அழுத்துங்க.