காகிதத்தில் எரியும் நியான்

'பிளேட் ரன்னர்' படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை மறந்தாலும் அந்த இரவு மறக்காது. ரிட்லி ஸ்காட் 1982-இல் காட்டிய 2019-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் அது. ஓயாத மழை, புகை, ஈரத் தெருவில் வழியும் நியான் வெளிச்சம்.

அந்த உலகத்தின் சொல்லப்படாத கதைகளைச் சொல்ல, டைட்டன் காமிக்ஸ் 2019-இல் 'பிளேட் ரன்னர் 2019' தொடரைத் தொடங்கியது. மைக்கேல் கிரீன், மைக் ஜான்சன் எழுத, ஆண்ட்ரஸ் குயினால்டோ வரைந்தார். மார்கோ லெஸ்கோ வண்ணம் தீட்டினார். நாயகி ஆஷ், 'ரெப்ளிகண்ட்' எனப்படும் செயற்கை மனிதர்களை வேட்டையாடும் காவலர்.

படத்தில் இருந்த வான்ஜெலிஸின் இசை இங்கே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, ஒளி. திரையரங்கில் புரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சும். காகிதமோ அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. சாதாரண அச்சில் வெற்றுத்தாளின் வெண்மையை மிஞ்சிய பிரகாசம் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கங்களில் விளக்குகள் எரிகின்றன!

சூட்சுமம் விளக்கைச் சுற்றித்தான் இருக்கிறது. நடுவில் வெண்மை, அதை ஒட்டி இளஞ்சிவப்போ நீலமோ தொடங்கி, விலக விலக மங்கிக் கறுப்பில் கரைகிறது. பனியிலும் புகையிலும் நிஜ விளக்கு இப்படித்தான் தெரியும். பழகிய அந்த மங்கலைக் கண்டதும், உள்ளே ஒரு விளக்கு எரிவதாக மூளை முடிவுகட்டிவிடுகிறது.

உடலும் அதை நம்புகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. நார்வே ஆய்வாளர்கள் புரூனோ லாங்கும் டோர் எண்டஸ்டாடும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒளிர்வதுபோல் தோன்றும் படங்களைப் பார்த்தவர்களின் கண்மணி சுருங்கியது. கண்ணில் விழுந்த ஒளி கூடவில்லை. கூடியதாகத் தோன்றியதே போதுமானதாக இருந்தது.

'பிளேட் ரன்னர்' படத்தில், எதிரே இருப்பது மனிதரா ரெப்ளிகண்டா என்று அறிய, கேள்வி கேட்டபடியே கண்மணியை ஒரு கருவியால் உற்றுப் பார்ப்பார்கள். வாய் பொய் சொன்னாலும் கண்மணி சொல்லாது என்ற நம்பிக்கை. அந்தக் கண்மணியையே வெறும் வண்ணம் ஏமாற்றிவிடுகிறது.

தொடரின் ஓர் இரவுக் காட்சியை மேசை விளக்கின்கீழ் விரித்து வையுங்கள். நியான் பலகையைச் சுற்றியுள்ள மங்கலை மட்டும் விரல்களால் மறைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்துவிடும், வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.