சர்வீஸ் சரியில்லையா? எப்போது மேலாளரிடம் புகார் செய்வது, எப்போது விட்டுவிடுவது?

வங்கிக் கவுன்ட்டரில் அரை மணி நேரம் நின்ற பிறகு, "லஞ்ச் முடிஞ்சு வாங்க" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள். ஹோட்டல் பில்லில், கேட்காமலேயே சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பில் தொகைக்கு மேல் 50 ரூபாய் கேட்கிறார். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது.

நான்குமே எரிச்சலைத் தரும். ஆனால் நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒன்றை அங்கேயே விட்டுவிடலாம். ஒன்றுக்கு மேலாளரிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும். இன்னொன்றுக்கு அன்றே புகார் பதிவு செய்யாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நம்மில் பலர் இதைக் கோபத்தின் அளவை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கோபம் தலைக்கேறினால் "மேனேஜரைக் கூப்பிடுங்க", இல்லையென்றால் "போனா போகுது". அதனால்தான் முகம் சுளித்த ஊழியர் மீது புகார் போகிறது, சத்தமில்லாமல் பறிபோன பணம் அப்படியே போய்விடுகிறது.

சரி, வேறு எதை வைத்து முடிவு செய்வது? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எதிரே இருப்பவரால் இதைச் சரிசெய்ய முடியுமா?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். தவறு யாருடையது என்பதைவிட, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம்.

ஆர்டர் மாறி வந்தது, பில்லில் ஒரு பொருள் இரண்டு முறை ஏறிவிட்டது, தப்பான சைஸ் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எதிரே நிற்பவரே சரிசெய்யக்கூடியது. நேராக அவரிடமே சொல்லுங்கள். சரிசெய்துவிட்டால் விஷயம் முடிந்தது. மேலாளரைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

அவரால் முடியும், ஆனால் மறுக்கிறார் என்றால், "உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசலாமா?" என்று கேட்கலாம். அது சண்டை இல்லை. அடுத்த படி, அவ்வளவுதான்.

மூன்றாவது வகையில்தான் நாம் பெரும்பாலும் ஏமாறுகிறோம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடையில் போர்டு தொங்குகிறது. குறையுள்ள பொருளைத் திரும்பக் கொண்டுபோகும்போது விற்பனைப் பெண்ணிடம் கத்துகிறோம். அந்த போர்டை அவர் மாட்டவில்லை, எடுக்கவும் அவரால் முடியாது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இதை உரிமையாளரிடமோ மேலாளரிடமோ சொன்னால்தான் பலன்.

ஹோட்டல் சர்வீஸ் சார்ஜும் இதே ரகம். பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பில்லைக் கொண்டுவரும் சர்வரிடம் இதைப் பேசி வாக்குவாதம் செய்வதில் அர்த்தமில்லை. "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில் போடச் சொல்லுங்க" என்று மேலாளரிடம் கேளுங்கள். சர்வரின் கவனிப்பு பிடித்திருந்தால் டிப்ஸைத் தனியாக அவர் கையிலேயே கொடுங்கள்.

2. எனக்கு என்ன போனது?

பணம், பாதுகாப்பு, மரியாதை, நேரம் என்று நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

பணம் போயிருந்தால், தொகை சிறியதாக இருந்தாலும் கேளுங்கள். குறிப்பாக, உங்களிடம் மட்டுமல்லாமல் எல்லோரிடமும் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் விடாதீர்கள். சிலிண்டர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணம் சிலிண்டர் விலையிலேயே அடங்கியிருக்கிறது. பில் தொகையைத் தாண்டி ஒரு ரூபாயும் கட்டாயமில்லை. மூன்று மாடி தூக்கி வந்தவருக்கு நீங்களாக விரும்பிக் கொடுத்தால் அது வேறு. கட்டாயப்படுத்திக் கேட்டால், அல்லது கொடுக்காததால் அடுத்த சிலிண்டர் தாமதமானால், ஏஜென்சியிடம் புகார் செய்யுங்கள். அங்கே கேட்கவில்லை என்றால் எண்ணெய் நிறுவனங்களின் கட்டணமில்லா எண் 1800-2333-555 இருக்கிறது.

பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம். கெட்டுப்போன உணவு, காலாவதியான மருந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய டிரைவர் போன்றவற்றை உடனே மேலிடத்துக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் தப்பித்துவிட்டீர்கள், அடுத்து வருபவர் தப்பிப்பார் என்பது நிச்சயமில்லை. கேஸ் கசிவு என்றால் புகாரெல்லாம் பிறகு. முதலில் 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மரியாதைக் குறைவில் இரண்டு விதம் உண்டு. சிடுசிடுப்பாகப் பேசியது ஒன்று. சாதி, மதம், மொழி, உடை, உடல் குறைபாடு, பாலினம் இவற்றை வைத்து அவமானப்படுத்தியது அல்லது சேவையை மறுத்தது இன்னொன்று. முதலாவதை, அன்று அவருக்கு என்ன கஷ்டமோ என்று விடலாம். இரண்டாவதை விடக் கூடாது. அதை எழுத்திலேயே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நேரம் மட்டும்தான் போனதா? ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். போகும்போதெல்லாம் ஒரே கவுன்ட்டர் மூடியிருக்கிறது என்றால், அது ஊழியரின் குறை இல்லை, ஆள் போடாத நிர்வாகத்தின் குறை. லஞ்ச் நேரத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்க்க வேண்டியவர் கிளை மேலாளர். பேச வேண்டியது அவரிடம்தான்.

3. காலக்கெடு ஓடுகிறதா?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. சில விஷயங்களில் நீங்கள் ஆறப்போட்டால் உரிமையே குறைந்துவிடும்.

உங்களுக்குத் தெரியாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு பகுதி நஷ்டம் உங்கள் தலையில் விழலாம். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆக, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மோசடி என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் உடனே சொல்லுங்கள்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஏடிஎம் ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆன்லைன் வர்த்தக நிறுவனங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். 2020 விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆப்பில் சாட் செய்யும் 'பாட்' சொல்லும் பதிலோடு நின்றுவிடாதீர்கள். அந்த அதிகாரியின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி எழுதுங்கள்.

புகார் கொடுத்தால் என்ன ஆகிவிடப்போகிறது?

"மேனேஜர்கிட்ட சொன்னா மட்டும் என்ன நடக்கும்?" என்ற சலிப்பு நியாயமானதுதான். ஆனால் மேலாளருக்குக் கொடுக்கும் புகார் அங்கேயே முடிவதற்காக மட்டும் அல்ல. அடுத்த கதவு திறக்க அதுதான் சாவி.

ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் நேராகப் போக முடியாது. முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோதான் அங்கே போகலாம். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. தொலைத்தொடர்பிலும் இப்படித்தான். 'டிராய்' அமைப்பு தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்திடம் புகார் எண் வாங்க வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போக வேண்டும்.

எந்தத் துறையாக இருந்தாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் உதவி கேட்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இந்த எல்லாக் கதவிலும் கேட்கும் முதல் கேள்வி, "அவங்ககிட்ட எழுதிக் கொடுத்தீங்களா?" என்பதுதான்.

எப்படி எழுதுவது?

வாயால் சொன்னது காற்றோடு போகும். மின்னஞ்சலோ, ஆப்போ, கடிதமோ, எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். தேதி, இடம், பில் அல்லது பரிவர்த்தனை எண், என்ன நடந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்ற ஆறு விவரம் போதும். உதாரணமாக:

"இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள பில்லில் 340 ரூபாய் கூடுதலாக வசூலிக்கப்பட்டுள்ளது. பில் நகல் இணைத்துள்ளேன். அந்தத் தொகையை 7 நாளுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

இதில் வசவு இல்லை, மிரட்டல் இல்லை. 'என்ன வேண்டும்' என்ற வரிதான் முக்கியம். பல புகார்களில் அது மட்டும் இருக்காது. நாலு பக்கம் ஆதங்கம் இருக்கும், மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்காது. அவரும் "வருந்துகிறோம்" என்று ஒரு பதில் அனுப்பிவிட்டு கோப்பை மூடிவிடுவார்.

இன்னொரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கும் மோசடிக் கும்பல்கள் உண்டு. ஏடிஎம் கார்டின் பின்புறம், பாஸ்புக், பில், நிறுவனத்தின் சொந்த ஆப் ஆகியவற்றில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

ஊழியர் வேலை போய்விடுமோ?

இந்தத் தயக்கத்தால் புகாரே கொடுக்காதவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் நல்லதுதான். கவுன்ட்டரில் நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியராக இருப்பார். உணவு டெலிவரி செய்பவருக்கு நீங்கள் போடும் ஒற்றை ஸ்டார், அவருக்குக் கிடைக்கும் வேலையையே பாதிக்கலாம். ஹோட்டல் தாமதமாகச் சமைத்ததற்கு அவர் தண்டனை அனுபவிக்கக் கூடாது அல்லவா?

அதற்காகப் புகாரை விட வேண்டியதில்லை, குறிவைக்கும் இடத்தை மாற்றினால் போதும். "இந்த ஆள் மோசம்" என்று எழுதாமல், "கூடுதல் பணம் வாங்கப்பட்டது", "ஒரே கவுன்ட்டர்தான் இயங்கியது" என்று நடந்ததை எழுதுங்கள். ஊழியரின் பெயரைக் குறிப்பிட வேண்டியது, அவரே வேண்டுமென்று ஏமாற்றியபோதோ, அவமானப்படுத்தியபோதோ, ஆபத்தை உண்டாக்கியபோதோதான். அவரை வீடியோ எடுத்து சமூக ஊடகத்தில் போடுவது புகார் அல்ல. அதனால் உங்கள் பணம் திரும்பி வராது, ஒரு குடும்பம் தெருவில் நிற்கலாம்.

சுருக்கமாக

எதிரே இருப்பவரே சரிசெய்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு முறை நடந்த சிடுசிடுப்பை விட்டுவிடுங்கள். அவரால் முடியாதது, எல்லோருக்கும் நடப்பது, திரும்பத் திரும்ப நடப்பது என்றால் மேலாளருக்கு எழுதுங்கள். பணம் காணாமல் போனது, ஆபத்து, பாகுபாடு என்றால் அன்றே எழுதுங்கள், கிடைத்த புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் தணியும்வரை காத்திருப்பதில் தவறில்லை. ஏடிஎம் ரசீதும் பில்லும் குப்பைக்குப் போகும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள்.